டிரெயின் போல்ட் இறுகாமல் சுற்றுகிறது: சேம்பரை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: என்னுடையது ஒன்பது ஆண்டுகள் ஓடிய சிறிய பெட்ரோல் கார். அண்மையில் ஆயில் மாற்றிய மறுநாளே வண்டி நின்ற இடத்தில் எண்ணெய் சொட்டியிருந்தது. எஞ்சினின் அடியில் எண்ணெய் தேங்கும் தொட்டியான சேம்பரில், ஆயிலை வடிக்கக் கழற்றும் டிரெயின் போல்ட்டை மெக்கானிக் இறுக்கிப் பார்த்தபோது அது இறுகாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. மரையில் டெஃப்லான் டேப்பைச் சுற்றிப் பூட்டிக் கொடுத்துவிட்டார். இன்னொரு பட்டறையில் அலுமினிய சேம்பரையே மாற்ற வேண்டும் என்கிறார்கள். குறைந்த செலவில் சரிசெய்ய வழி உண்டா?

பதில்: வழி உண்டு, ஆனால் அந்த டேப் வழியாகாது. டிரெயின் போல்ட்டில் எண்ணெயை அடைத்து நிறுத்துவது மரை அன்று. போல்ட்டின் தலைக்கும் சேம்பரின் முகத்துக்கும் நடுவே நசுங்கி அமரும் வாஷர்தான் அந்த வேலையைச் செய்கிறது. அந்த வாஷரைப் போதிய விசையுடன் அழுத்திப் பிடித்திருப்பதே மரையின் பணி. மரை போன பிறகு அழுத்தம் இல்லை, அழுத்தம் இல்லையென்றால் போல்ட் அதிர்வில் தானாகவே தளர்ந்து வரும். டேப் சொட்டுவதைச் சில நாள் மறைக்குமே தவிர, போல்ட் கழன்று விழுவதைத் தடுக்காது. நெடுஞ்சாலையில் அது விழுந்தால் எண்ணெய் முழுவதும் சிறிது நேரத்தில் வெளியேறிவிடும். ஆயில் விளக்கு எரிவதைக் கவனித்து எஞ்சினை உடனே அணைக்காவிட்டால் பேரிங்குகள் பிடித்துக்கொள்ளும். மேலும், கிழிந்த டேப்பின் துணுக்குகள் உள்ளே போய் ஆயில் பம்ப்பின் வடிகட்டி வலையில் ஒட்டக்கூடும். ஆகவே நிரந்தரமாகச் சரிசெய்யும்வரை வண்டியை ஓட்டாதீர்கள். பட்டறைக்குக் கட்டியிழுத்தோ ஏற்றியோ கொண்டுசெல்லுங்கள்.

மரை எப்படிப் போயிற்று என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது, ஏனெனில் காரணம் நீடித்தால் புதிய மரையும் அதே வழியில் போகும். சிறிய பெட்ரோல் கார்கள் பலவற்றில் இந்த போல்ட்டுக்கு 30 முதல் 40 நியூட்டன் மீட்டர் வரையிலான இறுக்கமே குறிக்கப்பட்டிருக்கும். உங்கள் வண்டிக்கான சரியான அளவு சர்வீஸ் கையேட்டில் உள்ளது. 20 சென்டிமீட்டர் நீள ஸ்பேனரின் முனையில் ஏறத்தாழ 18 கிலோ எடைக்கு இணையாக அழுத்தினால் 35 நியூட்டன் மீட்டர் வந்துவிடும். அதே ஸ்பேனரில் பைப்பைச் செருகி 60 சென்டிமீட்டர் நீளமாக்கி அதே பலத்தில் அழுத்தினால் இறுக்கம் மூன்று மடங்காகி 100 நியூட்டன் மீட்டரைத் தாண்டும். போல்ட் எஃகு, சேம்பர் அலுமினியம்; தோற்பது எது என்று சொல்லவே தேவையில்லை. பழைய வாஷரையே திரும்பத் திரும்பப் போடுவதும், அது கசிகிறது என்று இன்னும் கொஞ்சம் இறுக்குவதும், காற்றழுத்தத்தால் சுழலும் ஏர் கன்னால் பூட்டுவதுமே பெரும்பாலான சேம்பர்களைக் கெடுக்கின்றன.

முதலில் செய்ய வேண்டியது சோதனை. போல்ட்டைக் கழற்றித் துடைத்து வெளிச்சத்தில் பாருங்கள். அதன் மரை இடுக்குகளில் வெள்ளி நிறச் சுருள்கள் அடைந்திருந்தால் அவை சேம்பரிலிருந்து பிய்ந்து வந்த அலுமினிய மரைகள். போல்ட்டின் மரையே மழுங்கியிருந்து சேம்பரின் மரை நன்றாக இருந்தால் புதிய போல்ட்டும் வாஷரும் போதும். ஆனால் அந்த நல்வாய்ப்பு அரிது. சில வேளைகளில் துளையின் வாய்ப்பக்கத்து மரைகள் மட்டும் போய், உட்புறத்தில் மூன்று நான்கு சுற்று மரை மீந்திருக்கும். அப்போது சற்று நீளமான போல்ட் அவற்றைப் பற்றிக்கொள்ளும் என்று சிலர் முயல்வதுண்டு. மீந்த அந்தச் சில சுற்றுகள் முழு இறுக்கத்தையும் தாங்க வேண்டியிருப்பதால் இதை நான் இடைக்கால ஏற்பாடாகவே கருதுகிறேன். அதிலும் உள்ளே நீண்ட முனை எதிலும் இடிக்காது என்று உறுதிசெய்த பிறகே செய்யலாம்.

போல்ட் குறுக்கே ஏறியதால் மரை நசுங்கி மட்டும் இருந்தால், அதே அளவு டேப்பை (சுற்றும் டெஃப்லான் டேப் அன்று, மரை வெட்டும் எஃகுக் கருவி) கையால் மெதுவாக ஓட்டி மரையை நேராக்கலாம். பிய்ந்து போன மரைக்கு இது பயன்படாது. இல்லாத உலோகத்தை டேப் உண்டாக்காது.

கடைகளில் கிடைக்கும் ஓவர்சைஸ் போல்ட், தானே மரை வெட்டிக்கொண்டு ஏறுவது. மலிவானது, அரை மணி நேர வேலை. ஆனால் சற்றே சாய்ந்து ஏறினாலும் அதன் தலை சேம்பரின் முகத்தில் சமமாக அமராது. 22 மி.மீ. விட்டமுள்ள வாஷரில் ஒரே ஒரு டிகிரி சாய்வு, ஓர் ஓரத்தில் ஏறத்தாழ 0.4 மி.மீ. இடைவெளியை உண்டாக்கும். அதை ஈடுகட்ட மீண்டும் மிகையாக இறுக்குவார்கள். துளையைச் சுற்றியுள்ள அலுமினியம் விரிசல் விடும். ஒவ்வோர் ஆயில் மாற்றத்திலும் கழற்றிப் பூட்ட வேண்டிய இடத்துக்கு இதை நான் பரிந்துரைப்பதில்லை.

லேத் பட்டறையில் செய்யத்தக்க முறையான பழுதுபார்ப்பு இரண்டு வகைப்படும். ஒன்று, துளையைப் பெரிதாக்கி அடுத்த அளவு மரை வெட்டுவது: எம்14, அதாவது 14 மி.மீ. விட்டமும் 1.5 மி.மீ. புரி இடைவெளியும் கொண்ட மரைத் துளையானால், 14.5 மி.மீ. டிரில் ஓட்டி எம்16, 1.5 டேப் போட்டு, அதற்குரிய தலையும் வாஷரும் உள்ள போல்ட்டைப் பூட்டலாம். துளையைச் சுற்றிப் போதிய கனம் இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. மற்றொன்று, பெரிதாக்கிய துளையில், உள்ளும் வெளியும் மரை கொண்ட குழல் துண்டான புஷ் இறக்கி, அதற்குள் பழைய அளவு மரையையே மீட்பது. கம்பிச் சுருள் வகையான ஹெலிகாயிலும் வலுவானதுதான் என்றாலும், அடிக்கடி கழற்றும் இடத்தில் சுருள் போல்ட்டோடு சேர்ந்து வெளியே வந்துவிடும் அபாயம் உண்டு. ஆகவே கெட்டியான எஃகுப் புஷ்ஷைக் கேட்டு வாங்குங்கள். அதன் வெளிமரையில் எண்ணெயைத் தாங்கும் பூட்டுப்பசை இட்டு இறக்க வேண்டும், அதன் விளிம்பு வாஷர் அமரும் முகத்துக்கு மேலே துருத்தக் கூடாது.

இரண்டிலும் சேம்பரை இறக்கி வைத்துச் செய்வதே சரி. வண்டியின் அடியில் படுத்துக்கொண்டு கைடிரில்லால் செய்தால் துளை நேராக வராது. அலுமினியத் துருவலும் உள்ளே விழும். மரை வெட்டும் டேப்பின் பள்ளங்களில் கிரீஸ் தடவினால் பெரும்பகுதி அதில் ஒட்டிக்கொள்ளும், முழுவதும் அன்று. அலுமினியம் காந்தத்தில் ஒட்டாது. எஞ்சிய துகள் வலையைக் கடந்து முதலில் போவது பம்ப்புக்குள், ஆயில் ஃபில்டர் அதற்கு அப்பால்தான் இருக்கிறது. சேம்பரை இறக்கவே முடியாத அமைப்பானால், வேலை முடிந்ததும் மலிவான ஆயிலை மேலிருந்து ஊற்றித் துளை வழியே சுத்தமாக வரும்வரை வடியவிட்டுப் பிறகு பூட்டச் சொல்லுங்கள். ஆர்கான் வெல்டிங் செய்து துளையை அடைத்துப் புதிதாக வெட்டுவதும் உண்டு. ஆண்டுக்கணக்கில் எண்ணெய் ஊறிய வார்ப்பில் வெல்டிங் நுண்துளை விடும் என்பதால், கைதேர்ந்தவர் கிடைத்தாலன்றி அதில் இறங்க வேண்டாம்.

உங்கள் கேள்விக்கு என் தீர்ப்பு இது. சேம்பர் நேரடியாக போல்ட்டுகளைக் கழற்றியதும் இறங்கிவிடும் வண்டியானால், இறக்கும் கூலி எப்படியும் ஆகப்போகிறது. புதிய சேம்பரின் விலையை விசாரித்து, புஷ் வேலையின் செலவோடு அதிக வித்தியாசம் இல்லையெனில் புதியதையே போடுங்கள். சைலன்சர் பைப், கிராஸ் மெம்பர் போன்றவற்றைக் கழற்றித்தான் சேம்பரை எடுக்க முடியும் என்றாலும், அல்லது புதியது விலை மிகுதி என்றாலும் எஃகுப் புஷ் போதுமானது. எந்த வழியானாலும் சேம்பரைத் திரும்ப ஏற்றும்போது சேம்பருக்கும் எஞ்சினுக்கும் நடுவே கசிவை அடைக்கும் பழைய பேஸ்ட்டை முற்றிலும் சுரண்டித் துடைத்து, புதிய சிலிக்கான் பேஸ்ட்டை அறுபடாத ஒரே கோடாக இட்டு, சிறிய போல்ட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக, படிப்படியாக இறுக்க வேண்டும். பேஸ்ட் இறுகுவதற்கு அதன் உறையில் குறித்துள்ள நேரம் கழிந்த பின்பே ஆயில் ஊற்ற வேண்டும். அவசரப்பட்டால் அடுத்த கசிவு அங்கிருந்து தொடங்கும்.

ஆயில் ஊற்றியதும் எஞ்சினைச் சில நிமிடங்கள் ஓடவிட்டு, அணைத்து, அளவைச் சரிபார்த்து, சேம்பரின் அடியைத் துணியால் உலரத் துடைத்துவிட்டு, இரவு முழுவதும் கீழே செய்தித்தாளை விரித்து வையுங்கள். காலையில் கறை தெரிந்தால் போல்ட்டை மேலும் இறுக்கச் சொல்லாதீர்கள். வாஷரையும் அது அமரும் முகத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். அடுத்த ஆயில் மாற்றத்தின்போது புதிய வாஷரை நீங்களே வாங்கிக் கையில் கொடுத்து, போல்ட்டின் முதல் மூன்று நான்கு சுற்றுகளை விரலாலேயே ஏற்றவும், இறுதி இறுக்கத்தை, அளவு பார்த்து இறுக்கும் டார்க் ரெஞ்சால் கொடுக்கவும் கேளுங்கள். ஏர் கன்னை எடுத்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.