நாலு நாள் ஆட்டம் யாருக்காக?

வணக்கமுங்க.

மாநில அணிகள் மோதுகிற ரஞ்சிக் கோப்பை பற்றி நீங்கள் எழுதுவதை விடாமல் படிக்கிறேன். சோமனூர்ப் பக்கம் விசைத்தறி வைத்திருக்கிறேன். கிரிக்கெட் பார்ப்பேன், விளையாடினது தெருவோடு சரி. பையன் ஒன்பதாவது படிக்கிறான். கோச்சிங் போகிறான், பேட்டிங் நன்றாக வருகிறது என்கிறார்கள்.

நீங்கள் எழுதியதைப் பார்த்துத்தான் 2024 பிப்ரவரியில் கோவை எஸ்.என்.ஆர். கல்லூரி மைதானத்துக்கு, சௌராஷ்டிராவுடன் நடந்த காலிறுதிக்கு, அவனைக் கூட்டிக்கொண்டு போனேன். இரண்டாவது நாள், சனிக்கிழமை. கூட்டமே இல்லை. காலையில் நம் ஆள் ஒருத்தர் கட்டை போட்டுக்கொண்டே இருந்தார். சாப்பாட்டு நேரத்துக்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை. பையன் மட்டும் எழுந்திருக்கவே மாட்டேன் என்றான்.

கேட்கிறேன் என்று தப்பாக எடுத்துக்காதீங்க. நாலு நாள் ஆடி டிரா ஆகிற ஆட்டத்தை யார் பார்க்கிறாங்க? தமிழ்நாடு கடைசியாகக் கோப்பை வாங்கியது 1988-ல். கோவை கிங்ஸ், திருப்பூர் தமிழன்ஸ் என்று நம் ஊர்ப் பேரில், இருபது ஓவர் ஆடுகிற டிஎன்பிஎல் அணிகள் ஜெயிக்கிறபோது ஊரே சந்தோஷப்படுது. கோச்சும் பையனை இருபது ஓவருக்கே தயார் செய்வோம், காலம் அப்படி என்கிறார். இவனை எந்தப் பக்கம் விடுவது? ஒண்டிப்புதூரில் பெரிய ஸ்டேடியம் வந்தால் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வழி பிறக்குமா? உங்கள் மனசில் பட்டதைச் சொல்லுங்க.

— ஒரு வாசகர், சோமனூர்

*

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். நீங்கள் பாதியில் எழுந்து வந்த அந்தச் சனிக்கிழமையிலிருந்தே தொடங்குகிறேன். நீங்கள் கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் அதற்குள்ளேயே இருக்கிறது.

சௌராஷ்டிரா அப்போது நடப்புச் சாம்பியன். உனத்கட் கேப்டன், புஜாரா அணியில் இருந்தார். முதல் நாளே அவர்களை 183 ரன்னில் சுருட்டியாகிவிட்டது. ஐந்து விக்கெட் எடுத்தவர் நம் கேப்டன் சாய் கிஷோர். அன்று மாலை வெளிச்சம் மங்குகிற நேரத்தில் நம் விக்கெட் ஒன்று விழுந்தது. அந்த நேரத்தில் ஒரு பேட்ஸ்மேனை இறக்கிப் பறிகொடுக்க வேண்டாம் என்று பந்துவீச்சாளரான சாய் கிஷோர் தானே மட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். நைட் வாட்ச்மேன் என்பார்கள். மாலை நாலு ஓவரைக் கடத்திவிட்டு, மறுநாள் காலை சீக்கிரம் அவுட் ஆனாலும் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். அவர் போகவில்லை. 60 ரன் எடுத்தார். நீங்கள் பார்த்த கட்டை அதுதான். எதிரணியின் பந்து புதிதாக இருந்த நேரம் முழுக்க அவர் மேல் செலவானது. அதன் பிறகு இந்திரஜித் 80, பூபதி வைஷ்ண குமார் 65 என்று அடிக்க முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை சௌராஷ்டிரா 122 ரன்னில் முடிந்து, நாம் இன்னிங்ஸ் மற்றும் 33 ரன் வித்தியாசத்தில் ஜெயித்தோம். ஐந்து நாள் ஆட்டம் மூன்றே நாளில் தீர்ந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அடுத்த வருடம் உங்கள் திருப்பூர் தமிழன்ஸ் டிஎன்பிஎல் கோப்பையை வாங்கியதே, அதன் கேப்டனும் அதே சாய் கிஷோர்தான். அவர் இருபது ஓவரில் நாலு ஓவர் வீசும்போது காட்டுகிற நிதானம் எங்கிருந்து வந்தது என்று உங்கள் பையன் அன்று உட்கார்ந்து பார்த்திருக்கிறான். எழுந்திருக்க மாட்டேன் என்று அவன் சொன்னதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

டிரா பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ரஞ்சியில் டிரா என்றால் ஒன்றுமில்லாமல் போவது என்று அர்த்தம் இல்லை. லீக் ஆட்டம் நாலு நாள். ஜெயித்தால் 6 புள்ளி, இன்னிங்ஸ் வித்தியாசத்திலோ பத்து விக்கெட்டிலோ ஜெயித்தால் கூட ஒன்று. டிரா ஆனால் முதல் இன்னிங்ஸில் லீட் எடுத்த, அதாவது எதிரணியைவிடக் கூட ரன் எடுத்த அணிக்கு 3, மற்றதற்கு 1. நாக்-அவுட் ஐந்து நாள். அங்கே டிரா ஆனால் முதல் இன்னிங்ஸ் லீட் வைத்திருப்பவர்தான் மேலே போவார். ஆகவே ஒவ்வொரு ரன்னுக்கும் ஒரு கணக்கு உண்டு, அது மூன்றாவது நாளில் கழுத்தைப் பிடிக்கும்.

வாளையாறு தாண்டினால் கேரளம். அவர்கள் 2024-25 பருவத்தில் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். புனேயில் ஜம்மு காஷ்மீருடன் காலிறுதி. எதிரணி முதல் இன்னிங்ஸில் 280. கேரளம் ஒன்பது விக்கெட் போன பிறகு சல்மான் நிசாரும் கடைசி ஆளான பாசில் தம்பியும் சேர்ந்து 81 ரன் ஓட்டி 281-க்குக் கொண்டுவந்தார்கள். ஒரே ஒரு ரன் லீட். அப்புறம் நாலாவது இன்னிங்ஸில் தாக்குப்பிடித்து டிரா செய்து அரையிறுதிக்குப் போனார்கள். அகமதாபாதில் குஜராத்துடன் அரையிறுதி. கேரளம் 187 ஓவர் ஆடி 457 எடுத்தது. குஜராத் ஐந்தாவது நாள் காலை 455-க்கு வந்துவிட்டது, ஒரே விக்கெட் பாக்கி. நாக்வஸ்வல்லா ஓங்கி அடித்த பந்து, ஷார்ட் லெக்கில் நின்ற அதே சல்மான் நிசாரின் ஹெல்மெட்டில் பட்டு மேலே எழும்பி, ஸ்லிப்பில் நின்ற கேப்டன் சச்சின் பேபி கைக்குப் போனது. இரண்டு ரன் லீட். கேரளம் வரலாற்றிலேயே முதல்முறையாக ரஞ்சி ஃபைனலுக்குப் போனது.

ஃபைனல் நாக்பூரில். அதுவும் டிராதான். விதர்பா 379, கேரளம் 342. சச்சின் பேபி 98-ல் தூக்கி அடிக்கப்போய் அவுட் ஆனார். அந்த 37 ரன் லீடில் விதர்பாவுக்குக் கோப்பை. மூன்று ஆட்டமும் டிரா, நண்பரே. மூன்றும் ஸ்கோர்கார்டில் டிரா என்றுதான் இருக்கும். நடந்ததைப் படிக்கிற எனக்கு இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கிறது.

தமிழ்நாடு ஜெயிக்காதது உண்மைதான். 1954-55-ல் இந்தூர் போய் ஹோல்கரைத் தோற்கடித்து முதல் கோப்பை. கேப்டன் பாலு அழகண்ணன், பின்னால் வானொலியில் கிரிக்கெட் வர்ணனை செய்தவர். 1987-88-ல் வாசுதேவன் தலைமையில் சேப்பாக்கத்தில் ரயில்வேயை வென்றது இரண்டாவது. அதற்குப் பிறகு எத்தனையோ ஃபைனல் போய்த் தோற்றிருக்கிறோம். நீங்கள் பார்த்த காலிறுதிக்கு அடுத்த வாரம் மும்பையில் அரையிறுதி. நாம் 146-க்கு ஆல் அவுட் ஆனாலும் மும்பையை 7 விக்கெட்டுக்கு 106 என்று பிடித்து வைத்திருந்தோம். அங்கிருந்து ஷர்துல் தாக்கூர் 109 அடித்தார், மும்பை 378-க்குப் போனது, நாம் இன்னிங்ஸ் மற்றும் 70 ரன்னில் தோற்றோம். ஆட்டம் முடிந்ததும் டாஸ் ஜெயித்து பேட்டிங் எடுத்ததுதான் தப்பு என்று நம் பயிற்சியாளரே பத்திரிகைக்காரர்களிடம் பேசினார். எனக்கு அது பிடிக்கவில்லை. அந்தப் பருவத்தில் 53 விக்கெட் எடுத்து நாட்டிலேயே முதலிடத்தில் இருந்த கேப்டனைப் பற்றி வெளியில் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. நாம் தோற்றது வால்பகுதியை, அதாவது கடைசியில் இறங்குகிறவர்களை, முடிக்கத் தெரியாததால். நீண்ட ஆட்டத்தில் ஏழு விக்கெட் எடுத்துவிட்டால் வேலை முடிந்த மாதிரி ஒரு தளர்வு வரும். மும்பைக்காரர்கள் எத்தனையோ தலைமுறையாக அதைத் தெரிந்து ஆடுகிறார்கள். அந்த வருடம் அவர்கள் வாங்கியது 42-வது கோப்பை.

சரி, பையன் விஷயத்துக்கு வருகிறேன்.

நீங்கள் போன அதே மைதானத்தில் அதற்கு ஒரு மாதம் முன்னால் நம் கோயம்புத்தூர்ப் பையன் ஜெகதீசன் ரயில்வேக்கு எதிராக 245 நாட் அவுட். அடுத்த வாரமே சண்டிகருக்கு எதிராக 321. டபிள்யூ.வி. ராமன் 313, அர்ஜன் கிருபால் சிங் 302 நாட் அவுட் என்று கோவாவுக்கு எதிரான ஒரே ஆட்டத்தில் அடித்ததைச் சின்ன வயதில் கேட்டு வாய் பிளந்தவர்களில் நானும் ஒருவன். அதையும் தாண்டிய ஒரு இன்னிங்ஸ் நம் ஊரில் நடந்தது, பெரும்பாலோர் அதைப் பேப்பரில்தான் பார்த்தார்கள். அந்த 321-க்கு அவர் ஆடியது 403 பந்து. ஒரு இருபது ஓவர் இன்னிங்ஸில் அணி மொத்தத்துக்கும் கிடைப்பது 120.

அந்த நேரத்தில் ஜெகதீசனுக்கு ஐபிஎல்லில் இடம் இல்லை. முதலில் சென்னை விட்டுவிட்டது, 2023 நவம்பரில் கொல்கத்தாவும் விட்டுவிட்டது. ஏலத்தை மட்டும் நம்பியிருந்தால் அங்கேயே கதை முடிந்திருக்கும். 2025 ஜூலையில் இங்கிலாந்தில் ரிஷப் பந்த் காயமடைந்தபோது ஓவல் டெஸ்ட்டுக்கு இந்திய அணி அழைத்தது அவரைத்தான். ஆட வாய்ப்பு கிடைக்கவில்லை, இருந்தாலும் அந்த அழைப்பு ரஞ்சியில் அடித்த ரன்னுக்காக வந்தது.

வேகப்பந்து வீச்சாளர் நடராஜன் டிஎன்பிஎல்லில் வந்தவர் என்று உங்கள் கோச் சொல்லக்கூடும். காலடியில் விழுகிற அவர் யார்க்கரை ஊர் பார்த்தது அங்கேதான், மறுக்கவில்லை. ஆனால் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் ஆடிக்கொண்டிருந்தவர் சென்னைக்குப் போய், நாலாம் டிவிஷன் லீக்கில் ஆடி, படிப்படியாக ஏறி 2015 ஜனவரியில் ரஞ்சி ஆடினார். பந்துவீசும் முறையில் சந்தேகம் என்று சொல்லிவிட்டார்கள். அதைத் திருத்திக்கொண்டு வந்த பிறகுதான் மற்றதெல்லாம். 2021 ஜனவரியில் பிரிஸ்பேன் டெஸ்ட்டில் முதல் இன்னிங்ஸில் 24 ஓவருக்கு மேல் வீசி மூன்று விக்கெட் எடுத்தார். நாலு ஓவர் மட்டுமே வீசிப் பழகிய உடம்பு அதைத் தாங்காது.

பணம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, அப்பாவாக மனசில் இருக்கும், அதனால் சொல்கிறேன். 2021-22 பருவத்திலிருந்து ரஞ்சியில் களமிறங்கும் புதுப் பையனுக்கு ஒரு நாளைக்கு 40,000 ரூபாய். இருபது ஆட்டத்துக்கு மேல் 50,000, நாற்பதுக்கு மேல் 60,000. ஏழு லீக் ஆட்டமும் நாலு நாள் ஆடினால் புதுப் பையனுக்கே 11 லட்சத்து 20 ஆயிரம். பதினொரு பேருக்குள் வருவதுதான் கஷ்டம், அந்தக் கஷ்டம் டிஎன்பிஎல்லிலும் உண்டு.

பையனை எந்தப் பக்கமும் விடாதீர்கள். பதினாறு வயது வரை அவன் கிரிக்கெட் ஆடட்டும், இருபது ஓவர் ஆள் என்று முத்திரை குத்த வேண்டாம். அடுத்த முறை கோச்சைப் பார்க்கும்போது ஒன்றே ஒன்று கேளுங்கள்: இந்த வருடம் இவன் ஒரே இன்னிங்ஸில் இரண்டு மணி நேரம் எத்தனை முறை நின்றிருக்கிறான்? நம் பக்கம் சனி ஞாயிறுகளில் நான் பார்க்கிற ஆட்டங்கள் அநேகமாக இருபது, இருபத்தைந்து ஓவர். பாதிக்கு மேல் பாய் விரித்த மேட்டிங் பிட்ச்சில். மேட்டிங்கில் பந்து காலையிலும் மாலையிலும் ஒரே மாதிரி எழும்பும். டர்ஃபில், அதாவது புல்தரை பிட்ச்சில், அப்படி இல்லை. காலை ஈரத்தில் ஆடும், மதியம் படுத்துவிடும், மூன்றாவது நாள் பூட்ஸ் பட்டுத் தேய்ந்த இடத்தில் விழுந்து திரும்பும், எண்பது ஓவருக்கு ஒருமுறை புதுப் பந்து வந்து எல்லாம் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். இதையெல்லாம் பதினெட்டு வயதில் சென்னை லீக்கில் போய்த்தான் ஒரு கொங்குப் பையன் முதல்முறை பார்க்கிறான் என்றால், அங்கேயே வளர்ந்தவனைவிட ஐந்து வருடம் பின்தங்கித்தான் தொடங்குகிறான். திறமைக் குறைச்சல் ஒன்றும் இல்லை. ஜெகதீசனும் நடராஜனும் அதைக் காட்டிவிட்டார்கள்.

ஸ்டேடியம் வரட்டும், நல்லதுதான். ஒண்டிப்புதூரில் சர்வதேச ஆட்டம் நடந்தால் நானும் டிக்கெட் வாங்கி வருவேன். ஆனால் அது பார்க்கப் போகிறவர்களுக்கான இடம். வருடத்தில் சில நாள் விளக்குப் போட்டு, மற்ற நாள் பூட்டித்தான் இருக்கும். ரஞ்சி நடத்தத் தகுந்த மைதானம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. கோவையில் இந்தக் கல்லூரி மைதானம், வாழப்பாடியில் 2020-ல் திறந்த சேலம் கிரிக்கெட் ஃபவுண்டேஷன் மைதானம். 2024 பிப்ரவரியில் அங்கேதான் பஞ்சாபைத் தோற்கடித்துக் காலிறுதிக்குப் போனோம், இந்திரஜித் 187, விஜய் சங்கர் 130. நம் பிள்ளைகளுக்குத் தேவை, ஈரோட்டிலும் திருப்பூரிலும் கரூரிலும் நாமக்கல்லிலும் ஊருக்கு இரண்டு டர்ஃப் விக்கெட்டும், பதினாறு வயதுக்குள் வருடத்துக்குப் பத்து இரண்டு நாள் ஆட்டமும். ஸ்டேடியத்துக்கு ஆகிற செலவில் ஒரு ஓரம் போதும். நூல், துணி, பம்பு, லாரி என்று பணம் புழங்குகிற பூமி நம்முடையது. கோயில் திருவிழாவுக்கும் கபடிப் போட்டிக்கும் அள்ளிக் கொடுக்கிறவர்கள், ஒரு பிட்ச் போட்டு அதற்கு ஒரு கிரவுண்ட்ஸ்மேனுக்குச் சம்பளம் கொடுக்கத் தயங்க மாட்டார்கள். யாராவது போய்க் கேட்க வேண்டும். உங்கள் பகுதியில் கோச்சிங்குக்குப் பிள்ளைகளை அனுப்புகிற அப்பாக்கள் நாலு பேர் சேர்ந்து கேட்பதென்றால் சொல்லுங்கள், நானும் வருகிறேன்.

அன்புடன்.