விசை குறைந்தால் வேகம் குறையுமா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

விமானம் கிளம்பும்போது பெரும்பாலும் என்ஜினுக்கு முழு விசை கொடுப்பதில்லை என்று உறவினர் ஒருவர் சொன்னார். விசை குறைந்தால் மேலெழும் வேகமும் குறைந்துவிடாதா? செலவை மிச்சம் பிடிக்க நம் உயிரைப் பணயம் வைக்கிறார்களா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உறவினர் சொன்னது சரிதான். ஆனால் எந்த வேகத்தில் மூக்கைத் தூக்கலாம் என்பதை முக்கியமாக முடிவு செய்வது விமானத்தின் எடையும், இறக்கையின் பின்விளிம்பில் இருக்கும் ஃபிளாப் என்ற மடல் எவ்வளவு இறக்கப்பட்டிருக்கிறது என்பதும்தான். விசையைக் குறைத்தால் அந்த வேகம் குறையாது, சற்றே கூடலாம். அதை எட்ட ஓடுபாதைதான் அதிகம் செலவாகும்.

விசையைக் குறைக்க விமானிகள் ஒரு தந்திரம் செய்வார்கள்: வெளியே 30 டிகிரி இருக்கும்போது 50 டிகிரி என்று விமானத்தின் கணினிக்குச் சொல்வார்கள். வெயில் கூடினால் என்ஜின் தரக்கூடிய விசை குறையும் என்பதால், அந்த வெயிலில் கிடைக்கக்கூடிய விசையை மட்டுமே அது என்ஜினிடம் கேட்கும். இப்படிக் குறைப்பதற்கு 25 சதவீதம்தான் உச்சவரம்பு. ஓடுபாதையின் நீளம், ஒரு என்ஜின் நின்றுபோனால் என்ன ஆகும் என்பதெல்லாம் கணக்கில் சேர்ந்துவிடும். உண்மையான காற்று 50 டிகிரிக் காற்றைவிட அடர்த்தியானது என்பதால், கணக்கிட்டதைவிடக் குறைந்த தூரத்திலேயே விமானம் எழும்பிவிடும். என்ஜினுக்குள் சூடான வாயுவால் சுழலும் டர்பைனின் சூடு குறைவதால் என்ஜின் நீண்ட நாள் உழைக்கும். செலவு மிச்சம்தான், ஆனால் உயிரைப் பணயம் வைத்து அல்ல.

ஆபத்து தப்பான எண்ணில் இருக்கிறது. 2017 ஜூலை 21, வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட். ஒரு போயிங் 737-இல், வெளி வெப்பநிலை 16 டிகிரி என்று இருக்க வேண்டிய இடத்தில் மைனஸ் 52 பதிவாகியிருந்தது. அவ்வளவு குளிர்ந்த காற்றில் என்ஜினின் முன்னால் சுழன்று விசை தரும் விசிறி மெதுவாகச் சுழன்றாலே போதும் என்று கணினி கணக்குப் போட்டது. 93.3 சதவீத வேகத்தில் சுழல வேண்டிய விசிறி 81.5-இல் நின்றது. அப்புறம் என்ன, வேகம் ஊர்ந்து ஊர்ந்துதான் ஏறியது. ஓடுபாதையைத் தாண்டி இருந்த விளக்கு ஒன்றை இடித்துக்கொண்டுதான் விமானம் மேலே போனது. நல்லவேளை, யாருக்கும் காயமில்லை.

அங்கே மூக்கைத் தூக்குவது போன்றவற்றுக்காக விமானிகள் குறித்துவைத்த வேகங்களில் பிழையில்லை. அவை தாமதமாக வந்ததுதான் பிரச்சினை. வேகமானி இப்போதைய வேகத்தைக் காட்டும். இந்த இடத்தில் இதைவிட அதிகம் இருந்திருக்க வேண்டும் என்று சொல்லாது. ஓடத் தொடங்கிய சில நொடிகளிலேயே முடுக்கத்தை அளந்து எச்சரிக்கும் கருவி ஒவ்வொரு பயணிகள் விமானத்திலும் கட்டாயமாக வேண்டும் என்பேன். நீங்கள் கவலைப்படுவதென்றால், அது இன்னும் கட்டாயமாகாததைப் பற்றிக் கவலைப்படுங்கள்.