ஃபேன் கொக்கியில் வலை ஊஞ்சல் கட்டலாமா?

கேள்வி: கத்திரி வெயிலுக்கு ஹாலில் படுக்க வலை ஊஞ்சல் வாங்கினேன். ஒரு முனையை ஃபேன் கொக்கியில் மாட்டலாமா?
– வாசகர், சத்துவாச்சாரி, வேலூர்

பதில்: கொக்கியை விட்டுவிடுங்கள், அது நேராகத் தொங்கும் ஃபேனுக்கு வைத்தது, ஆள் ஆடும் பக்கவாட்டு இழுப்புக்கு இல்லை. கயிறு கிடைமட்டத்திலிருந்து 30 டிகிரி சாய்ந்திருந்தால் 70 கிலோ ஆளுக்கு ஒவ்வொரு முனையிலும் 70 கிலோ இழுப்பு விழும். அழகாக இருக்கிறதே என்று விறைப்பாகக் கட்டி 15 டிகிரி ஆக்கினால் அதுவே 135 கிலோ, அதனால் தொய்வாகவே கட்டுங்கள். நாலரை இஞ்ச் தடுப்புச் சுவர் வேண்டவே வேண்டாம். கான்கிரீட் தூணிலோ பீமிலோ, பூச்சைத் தாண்டி ஆழமாக ஆங்கர் போல்ட் (கான்கிரீட்டுக்குள் இறுகிப் பிடிக்கும் போல்ட்) இறக்கச் சொல்லுங்கள். மர உத்திரங்கள் மேல் செங்கல் அடுக்கிக் கூரை போட்ட பழைய மெட்ராஸ் டெரஸ் வீடென்றால் என்ஜினியரைக் கேட்காமல் துளையே போடாதீர்கள். சரி, மாட்டியாச்சா? முதலில் மூன்று 25 கிலோ அரிசி மூட்டைகள் ஏறட்டும், அப்புறம் நீங்கள்.