மகன் இறந்தபின் பேத்தியைப் பார்க்கத் தாத்தா பாட்டிக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறதா?

கேள்வி பொள்ளாச்சியிலிருந்து வந்திருக்கிறது. மகன் இறந்துவிட்டார். மருமகள் ஆறு வயதுப் பேத்தியோடு கேரள எல்லைக்குள், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் தாய்வீட்டில் இருக்கிறார், குழந்தையைக் கண்ணில் காட்டுவதில்லை. கோர்ட்டுக்குப் போய்க் குழந்தையை வாங்கிவிட முடியுமா என்கிறீர்கள். நான் பாலக்காட்டில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன்.

வாங்குவதை மறந்துவிடுங்கள் ஐயா. நீங்கள் இந்துக்கள் என்றால், 1956ஆம் ஆண்டு இந்துச் சிறார் காப்பாளர் சட்டப்படி தகப்பனுக்குப் பின் தாய்தான் இயற்கைக் காப்பாளர், அதாவது கோர்ட் நியமிக்காமலே குழந்தைக்குப் பொறுப்பானவர். 2022இல் உச்ச நீதிமன்றம் ஒரு சிறுவனைத் தகப்பன்வழித் தாத்தா பாட்டியிடம் ஒப்படைத்தது உண்மை. ஆனால் அவன் கொரோனாவில் தாய் தகப்பன் இருவரையும் இழந்தவன். உங்கள் பேத்திக்குத் தாய் இருக்கிறார்.

பார்க்க அனுமதி கேட்பது வேறு. தாத்தா பாட்டிக்கென்று தனிப் பிரிவு கிடையாது. 1890ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டத்தின் கீழ் மனுப் போட்டு, குழந்தையின் நலனுக்கு உங்கள் உறவு வேண்டும் என்று காட்ட வேண்டும். குழந்தை வசிக்கும் இடத்து நீதிமன்றத்துக்குத்தான் அதிகாரம். அதாவது பாலக்காடு குடும்ப நீதிமன்றம். தெரிந்த வக்கீல் இருக்கிறார் என்று கோயம்புத்தூரில் மனுப் போட்டால், அதிகார வரம்பு இல்லை என்று திரும்பி வரும். எல்லையோரத்தில் இது அடிக்கடி நடக்கிற கூத்து.

நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்கிறேன்: மகனின் பணத்தில் தகராறு உண்டா? இப்படி வரும் வழக்குகளில் முக்கால்வாசி அங்கேதான் ஆரம்பிக்கிறது. உயில் இல்லாவிட்டால் அவருடைய சொந்தச் சொத்தில் மனைவி, மகள், தாய் மூவருக்கும் சம பங்கு. அவர்கள் இருக்கும்வரை தகப்பனுக்கு ஒன்றுமில்லை. உங்கள் வீட்டம்மாவுக்குப் பங்கு இருப்பதால்தான், குழந்தையைக் காரணம் வைத்துச் சொத்துக்கு வருகிறார்கள் என்று மருமகள் பயப்படுவார். அவருடைய வக்கீலும் முதல் வாய்தாவிலேயே அதைச் சொல்வார். பாகப் பேச்சை முதலில் தனியாக முடியுங்கள். பேத்தி பெயருக்கு வர வேண்டியதில் கை வைக்க மாட்டோம் என்று எழுதிக் கொடுத்தால், குடும்ப நீதிமன்றம் நடத்தும் சமரசக் கவுன்சலிங்கிலேயே காரியம் முடிந்தாலும் முடியும்.

மனுவில் பேராசை வேண்டாம். மாதம் இரண்டு சனிக்கிழமை சில மணி நேரம், இடையில் வீடியோ அழைப்பு, அவ்வளவு போதும். விடுமுறையும் கேட்பதானால் பொள்ளாச்சிப் பள்ளிக் காலண்டரைப் பார்க்காதீர்கள். குழந்தை படிப்பது கேரளத்தில். ஓண விடுமுறையில் இரண்டு நாள் கேளுங்கள்.