பென் அ வான் மலை: மெதுவாக நடப்பவர் குழுவோடு போகலாமா?

வணக்கம். கார்டிஃப் நடைக்குழுவோடு சனிக்கிழமை வேல்ஸில் உள்ள பென் அ வான் (Pen y Fan) மலை ஏறப் போகிறீர்கள். மெதுவாக நடப்பதால் மற்றவர்களுக்குப் பாரமாகிவிடுவேனோ என்று கேட்டிருக்கிறீர்கள். தயங்காமல் போங்கள். மலை 886 மீட்டர் என்றாலும், போன்ட் ஆர் டாவ் வண்டி நிறுத்துமிடமே ஏறத்தாழ பாதி உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கல் பாவிய பாதை. நின்று நின்று மூச்சு வாங்கியும் நான் இரண்டு மணி நேரத்தில் ஏறிவிட்டேன். புறப்படும்போதே வழிநடத்துபவரிடம் உங்கள் வேகத்தைச் சொல்லிவிடுங்கள். நல்ல குழுவென்றால் கடைசி ஆளோடு ஒருவர் கூடவே வருவார்.

எனக்குக் கவலையெல்லாம் நீங்கள் போட்டுக்கொள்ளப்போவதாகச் சொன்ன ஜீன்ஸைப் பற்றித்தான். வேண்டவே வேண்டாம். கீழே வெயில் அடிக்கும். கார்ன் டீ முகட்டை நெருங்கும்போது மேகம் வந்து மூடிவிடும். முதல் தடவை என் ஜீன்ஸ் நனைந்து தொடையோடு ஒட்டிக்கொண்டது. விரல் விறைத்து, ஃபிளாஸ்க் மூடியைக்கூடத் திருக முடியவில்லை. கூட வந்த பெரியவர் ஒருவர் தன் கையுறையைக் கழற்றிக் கொடுத்துத் தேநீரும் ஊற்றித் தந்தார். அந்தச் சூடு இன்னும் கையில் இருக்கிறது. மழைக்கால்சட்டை, கையுறை, கம்பளித் தொப்பி மூன்றும் பையில் இருக்கட்டும்.

மூடுபனி இறங்கினால் குழுவை விட்டு ஓரடிகூட விலகாதீர்கள். வடக்குப் பக்கம் செங்குத்துச் சரிவு. 1900இல் வழிதவறி இறந்த ஐந்து வயதுச் சிறுவன் டாமி ஜோன்ஸின் நினைவுத்தூண் அந்த மலையில்தான் நிற்கிறது.