கணக்கில் உருவான கார்: ஜாகுவார் இ-டைப் பற்றிய வாசகர் கேள்விகள்

கேள்வி: பிரிட்டனின் ஜாகுவார் இ-டைப் ஸ்போர்ட்ஸ் காரை வடிவமைத்தவர் அந்நிறுவனத்தை உருவாக்கிய வில்லியம் லயன்ஸ் என்று ஓரிடத்திலும், வேறொருவர் என்று இன்னோரிடத்திலும் படித்தேன். எது சரி?

பதில்: ஜாகுவார் கார்கள் பெரும்பாலானவற்றின் தோற்றத்தைத் தீர்மானித்தவர் லயன்ஸ் என்பது உண்மையே. ஆனால் இ-டைப்பின் உருவத்துக்கு உரியவர் மால்கம் சேயர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிஸ்டல் விமான நிறுவனத்தில் பணியாற்றிய இவர், 1950களின் தொடக்கத்தில் ஜாகுவாரில் சேர்ந்தார். தம்மை அழகு வடிவமைப்பாளர் என்று பிறர் குறிப்பிடுவதை அவர் விரும்பவில்லை. தாம் காற்றியக்கவியல் அறிஞர் என்பதே அவருடைய நிலைப்பாடு. லயன்ஸ், தகட்டில் செய்த முழு அளவு மாதிரியை எதிரே நிறுத்தி, அதன்மீது வெளிச்சம் விழும் விதத்தைப் பார்த்துப் பார்த்துத் திருத்துவார். சேயரோ, காரின் ஒவ்வொரு வளைவையும் ஒரு கணிதச் சமன்பாடாக எடுத்துக்கொண்டு, மடக்கை அட்டவணையின் துணையோடு புள்ளி புள்ளியாகக் கணக்கிட்டு, நீளம், அகலம், உயரம் மூன்றையும் எண்களாகவே எழுதிவைத்தார். கணினி உதவிக்கு வராத காலத்தில் கையால் செய்த இந்தக் கணக்குதான் அந்த நீண்ட முகப்புக்கும், எங்கும் முறிவின்றி ஓடும் பக்கக் கோட்டுக்கும் காரணம். அலங்காரத்துக்கென்று அதில் சேர்த்தது மிகக் குறைவு என்பதால்தான் அது இன்றும் பழையதாகத் தோன்றவில்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மூடிய கூரை கொண்ட கூபே வடிவத்தில் மட்டும் இன்னொருவரின் கைவண்ணமும் உண்டு. ஜாகுவாரின் தகட்டு வேலைக் கலைஞரான பாப் பிளேக், திறந்த காரின்மீது மெல்லிய கம்பிகளை வளைத்துப் பற்றவைத்துக் கூரையின் கோட்டைக் கண்ணால் பார்த்தே அமைத்தார். லயன்ஸ் அதைப் பார்த்து ஒப்புதல் அளித்தார்.

கேள்வி: இது பந்தயக் காரைச் சாலைக்கு ஏற்ப மாற்றியதுதானா? அவ்வளவு குறைந்த விலையில் எப்படி விற்க முடிந்தது?

பதில்: நேரடியாக மாற்றியது அன்று, ஆனால் வேர் பந்தயத்தில்தான் இருக்கிறது. 1955, 1956, 1957 ஆகிய மூன்று ஆண்டுகளும் பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் வென்ற ஜாகுவாரின் டி-டைப் பந்தயக் காரின் கட்டமைப்பே இதற்கும் அடிப்படை. ஓட்டுநர் அமரும் நடுப்பகுதி, தனியான சேசிஸ் (அடிச்சட்டம்) இல்லாமல், தகடுகளாலேயே ஆன உறுதியான கூடு. அதன் முன்புறத்தில் எஃகுக் குழாய்ச் சட்டம் ஒன்றை போல்ட் போட்டு இணைத்து, எஞ்சினையும் முன் சஸ்பென்ஷனையும் (சக்கரங்களைத் தாங்கி அதிர்வை ஏற்கும் அமைப்பு) அதில் பொருத்தினார்கள். மட்கார்டுகளும் பானெட்டும் ஒரே பாகமாக முன்பக்கம் சாய்ந்து திறப்பதால், எஞ்சின் முழுவதும் மெக்கானிக்கின் கைக்கு எட்டும். 1957இல் உருவான முதல் முன்மாதிரி உடல் அலுமினியத்தால் ஆனது. விற்பனைக்கு வந்த கார் எஃகுக்கு மாறியது.

1961 மார்ச் 15 அன்று ஜெனீவாவில் அறிமுகமானபோது, திறந்த காரின் விலை பிரிட்டனில் வரியுடன் 2,100 பவுண்டை ஒட்டியிருந்தது. போட்டிக் காரான ஆஸ்டன் மார்ட்டின் டிபி4 ஏறத்தாழ அதைப்போல் இருமடங்கு. 3.8 லிட்டர் எக்ஸ்கே எஞ்சினுக்காக ஜாகுவார் புதிதாகச் செலவு செய்ய வேண்டியிருக்கவில்லை என்பது இதற்கு முக்கியக் காரணம். வில்லியம் ஹெய்ன்ஸ் தலைமையிலான குழு போர்க் காலத்திலேயே திட்டமிடத் தொடங்கி, 1948இல் வெளிவந்த எக்ஸ்கே எஞ்சினின் பெரிதாக்கிய வடிவம் அது; நிறுவனத்தின் குடும்பக் கார்களில் ஆயிரக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று எஸ்யூ கார்புரேட்டர்களுடன் (எரிபொருளைக் காற்றோடு கலக்கும் கருவிகள்) அதற்கு 265 குதிரைத்திறன் என்று நிறுவனம் அறிவித்தது.

கேள்வி: நான் பட்டறை நடத்துகிறேன். இந்தக் காரின் பின் பிரேக் டிஸ்க்குகள் சக்கரத்தில் இல்லாமல் டிஃபரன்ஷியலை (எஞ்சின் விசையை இரு பின் சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் பெட்டி) ஒட்டி இருக்கின்றனவே, ஏன்?

பதில்: ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடையைக் குறைக்கத்தான். சக்கரத்தோடு சேர்ந்து மேலும் கீழும் ஆடும் பாகங்கள் எவ்வளவு இலேசாக இருக்கின்றனவோ, அவ்வளவுக்குச் சக்கரம் மேடுபள்ளத்தில் தரையை விடாமல் பற்றும். பாப் நைட் என்ற பொறியாளர் வடிவமைத்த இந்த அமைப்பில், டிரைவ் ஷாஃப்ட் எஞ்சின் விசையைக் கடத்துவதோடு நில்லாமல், சஸ்பென்ஷனின் மேல் கையாகவும் வேலை செய்கிறது. கீழே ஒரு குழாய்க் கை, ஒவ்வொரு பக்கமும் இரண்டு ஸ்பிரிங்குகளும் ஷாக் அப்சார்பர்களும். இவை யாவும் ஒரு தனிச் சட்டத்தில் அடங்க, அந்தச் சட்டம் ரப்பர் வழியாகவே உடலோடு இணைகிறது. அதனால்தான் மணிக்கு 150 மைல் வேகத்தை எட்டுவதாகப் பெயர்பெற்ற கார், சொகுசுக் காரைப் போல அமைதியாகவும் ஓடியது. என் பார்வையில் இ-டைப்பின் மிகச் சிறந்த பகுதி, வெளியே தெரியாத இதுதான். பட்டறைக்காரர்களுக்கு அது தந்த சிரமமும் உண்மையே: டிஸ்க்கின் வெப்பம் டிஃபரன்ஷியலின் ஆயில் சீலைத் தாக்கும், பிரேக் வேலைக்கு இடுக்கில் கைவிட வேண்டும், பெரிய வேலையென்றால் அமைப்பு முழுவதையும் இறக்கியே ஆக வேண்டும்.

கேள்வி: பிற்காலத்து வி12 (பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சின்) மாடல், முதல் காரைவிடச் சிறந்ததா?

பதில்: ஓட்டுவதற்கு எளிது, ஆனால் வேறு இயல்புடையது. 1964இல் வந்த 4.2 லிட்டர் மாடலே முதல் காரின் உண்மையான குறைகளைத் தீர்த்துவிட்டது: முதல் கியருக்கும் சிங்க்ரோமெஷ் (கியர் உரசாமல் எளிதாக விழ உதவும் அமைப்பு) வந்தது, பிரேக்கும் இருக்கைகளும் மேம்பட்டன. 1967இல் அமெரிக்க விதிகளுக்காக முகப்பு விளக்குகளின் கண்ணாடி மூடியை எடுத்தார்கள்; முகத்தின் ஒழுங்கு அப்போதே கலைந்தது. 1971இல் 5.3 லிட்டர் வி12 எஞ்சினுடன் வந்த காரில் முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம் 9 அங்குலம் நீண்டு, காற்று புகும் வாயும் பெரிதாகிக் கம்பி வலை பெற்றது. ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால், தயங்காமல் 1964க்கும் 1967க்கும் இடைப்பட்ட 4.2 லிட்டர் காரையே சொல்வேன்.