ஸ்வாடில்: சேணத்திலிருந்து வந்த சொல்லா?

வணக்கம். கைக்குழந்தையைத் துணியால் இறுகச் சுற்றுவதைக் குறிக்கும் 'ஸ்வாடில்' என்ற ஆங்கில வினைச்சொல், சேணத்தைக் குறிக்கும் 'சாடில்' என்பதன் திரிபா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை, ஒலி ஒற்றுமையைத் தவிர இரண்டுக்கும் உறவில்லை.

பழைய ஆங்கிலத்தில் 'ஸ்வதெல்' என்றொரு பெயர்ச்சொல் இருந்தது. குழந்தையின் உடலைச் சுற்றிக் கட்டும் நீண்ட துணிப்பட்டைக்கு அது பெயர். 'சுற்றிக் கட்டு' என்ற பொருளுடைய 'ஸ்வேத்' என்ற வினையின் வேரோடு, கருவியைக் குறிக்கும் 'எல்' விகுதி சேர்ந்து அச்சொல் உருவாயிற்று. நூற்றலைக் குறிக்கும் 'ஸ்பின்' என்பதிலிருந்து கதிரைக் குறிக்கும் 'ஸ்பிண்டில்' பிறந்ததும் இதே விகுதியால்தான். ஆக, முதலில் வந்தது துணி. அதைக் கொண்டு செய்யும் செயல் பின்னர் வினையாயிற்று.

1611ஆம் ஆண்டின் ஆங்கில விவிலியத்தில், பிறந்த இயேசுவைச் சுற்றிய துணிகளுக்கு இச்சொல்லே அடைமொழியாக நிற்பதால், வழக்கு அருகிய காலத்திலும் கிறிஸ்துமஸ்தோறும் அது மக்கள் காதில் விழுந்துகொண்டிருந்தது. தமிழ் விவிலியமோ 'துணிகளில் சுற்றி' என்று எளிமையாகச் சொல்லிவிடுகிறது. உங்கள் மொழிபெயர்ப்பிலும் அதையே பின்பற்றலாம். பட்டையின் இறுக்கம் முக்கியமாகும் இடத்தில் மட்டும் 'இறுகச் சுற்றி' என்று எழுதுங்கள்.